கோர்ஸுக்குக் கட்டுகிற பணத்தைக் கையில் வை, தங்கச்சி!

போன வாரம் போனில் கேட்டாய். “அக்கா, சேனல் ஆரம்பிக்கிறதுக்கு ஆன்லைன்ல ஒரு கோர்ஸ் இருக்கு. பன்னிரண்டாயிரம். இன்னைக்கு ராத்திரிக்குள்ள கட்டினா ஆறாயிரம்தானாம். கட்டட்டுமா?” அப்போது “அப்புறம் பேசுதேன்” என்று வைத்துவிட்டேன். மிஷினில் கல்யாணப் பொண்ணோட பட்டுப் பிளவுஸ் கிடந்தது, பக்கத்தில் அவள் அம்மா குத்த வைத்து உட்கார்ந்திருந்தாள். இப்போது பதில் சொல்கிறேன். கட்டாதே.

பணம் போகிறதே என்பதற்காகச் சொல்லவில்லை. (ராத்திரி 12 மணிக்கு முடிகிற ஆஃபர் விடிந்ததும் மறுபடி பிறக்கும், அது வேறு கதை.) நானும் ஒரு காலத்தில் இப்படி ஒரு கோர்ஸுக்குக் கட்டினவள்தான். உனக்குத் தெரியாது, உன் அத்தானுக்கு இன்றுவரை தெரியாது. 42 வீடியோ. ஒன்று விடாமல் பார்த்தேன். ரெண்டு நோட்டு நிறையக் குறிப்பு, கலர் பேனாவில் அடிக்கோடு வேறு. மூன்று மாதம் போனது. அந்த மூன்று மாதத்தில் ஒரு வீடியோகூட நான் எடுக்கவில்லை. எடுக்கவில்லையே என்கிற உறுத்தல்கூட வரவில்லை, அதுதான் கொடுமை. தினமும் ஏதோ படிக்கிறோம் என்கிற திருப்தியில் நன்றாகத் தூக்கம் வந்தது.

யோசித்துப் பார்த்தால், தையலை நான் அப்படிக் கற்றுக்கொள்ளவில்லை. சங்கரன்கோவிலில் டெய்லர் அண்ணாச்சி கடைக்குப் போன முதல் ஆறு மாதம் ஊக்கு கட்டினேன், காஜா எடுத்தேன், கை மடித்து ஹெம்மிங் போட்டேன். ஊசி என்றால் என்ன, நூல் என்றால் என்ன என்று யாரும் பாடம் நடத்தவில்லை. சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஆள் வந்து பையை நீட்டும். அதற்குள் அந்த எட்டு ஊக்கும் நேராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அண்ணாச்சி ஒன்றும் சொல்லாமல் பிரித்துக் கையில் கொடுப்பார். அந்த அஞ்சு மணிதான் எனக்கு வாத்தியார். சேனல் வேலைக்கும் அப்படி ஒரு அஞ்சு மணியை நீயே உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

காத்துக்கொண்டிருக்கிற ஆள் ஒன்று வேண்டும்

என் சேனல் ஆரம்பித்ததே சேனல் ஆரம்பிக்கணும் என்று இல்லை. பக்கத்து வீட்டு மதினியின் மகள் திருப்பூருக்கு வாக்கப்பட்டுப் போனாள். அங்கே மிஷின் வாங்கிப் போட்டுவிட்டாள், பிளவுஸில் கை வைக்கத் தெரியவில்லை. “நீ வைக்கிறதை அப்படியே போன்ல எடுத்து அவளுக்கு அனுப்பு” என்றாள் மதினி. ஆறு நிமிஷ வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் போன் வந்தது.

“சித்தி, ஒண்ணுமே தெரியலை. நீங்க கத்தரி வச்ச இடத்தை உங்க கையே மறைச்சிட்டு. அதுபோக கறுப்புத் துணியில கறுப்பு நூல் போட்டிருக்கீங்க.”

42 வீடியோவில் யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள், அவர்களுக்கு என் கறுப்புத் துணி தெரியாதே. மறுநாள் வெள்ளைக் காடாத் துணியில் சிவப்பு நூல் போட்டு, போனை மேலே கட்டித் தொங்கவிட்டு மறுபடி எடுத்தேன். இந்தத் தடவை அவள் தைத்த கையைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். தோள்பட்டையில் கொஞ்சம் சுருக்கம் இருந்தது. எங்கே பிசகினாள் என்று கேட்டு மூன்றாவது எடுத்தேன். அந்த மூன்றாவது வீடியோதான் பிறகு சேனலில் முதலாவதாக ஏறியது.

அதனால் என் முதல் டிப்ஸ் இதுதான். உன் முதல் வீடியோவை உலகத்துக்கு எடுக்காதே. ஒரே ஒரு ஆளுக்கு எடு. அவளுக்கு அது நிஜமாகவே வேண்டியிருக்க வேண்டும், அனுப்பாவிட்டால் “என்னாச்சுட்டி?” என்று கேட்கிறவளாக இருக்க வேண்டும். பார்த்துவிட்டு “சூப்பர்” என்று மட்டும் சொல்லி ஹார்ட் போடுகிற சிநேகிதியை இதற்குச் சேர்க்காதே. அவளால் உனக்குப் பைசா பிரயோஜனம் இல்லை.

இது ஏதோ நான் கண்டுபிடித்த வித்தை இல்லை. தென்காசியைத் தாண்டி மத்தளம்பாறையில் ஸோஹோ கம்பெனி இருக்கிறதே, அவர்கள் நடத்துகிற பள்ளியும் இந்த வழியில்தான் போகிறது. பிளஸ் டூ முடித்த பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கிறார்கள், ஃபீஸ் கிடையாது, மாதம் உதவித்தொகையும் உண்டு. கொஞ்ச நாள் பாடம், அப்புறம் கம்பெனியின் நிஜ வேலையில் உட்கார வைத்துவிடுகிறார்கள். டிகிரி கேட்பதில்லை. நம் மாவட்டத்திலேயே இப்படி ஒன்று நடக்கும்போது, நீ பி.காம் முடித்துவிட்டு இன்னொரு சர்டிஃபிகேட்டுக்கு ஏன் பணம் கட்ட வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

ரெண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு பலகை

மேலிருந்து எடுக்க வேண்டும் என்று தெரிந்ததும் ட்ரைபாட் விலையைப் பார்க்கப் போய்விடாதே. ரெண்டு பிளாஸ்டிக் நாற்காலியை முதுகுக்கு முதுகு, மூன்றடி இடைவெளியில் போடு. அதன் மேல் ஒரு பலகை. பலகையின் ஓரத்தில் போனின் கேமரா மட்டும் வெளியே நீட்டுகிற மாதிரி வைத்து, மேலே ஒரு கனமான புத்தகம். என்னுடையதில் இன்றும் உன் பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல்தான் உட்கார்ந்திருக்கிறது. கீழே தரையில் வேலை செய். நிழல் உன் பக்கம் விழ வேண்டும், வேலையின் மேல் விழக்கூடாது. அதற்கு ஜன்னலுக்கு எதிரே உட்கார், ஜன்னலுக்கு முதுகைக் காட்டாதே. டியூப்லைட்டை அணைத்துவிடு. பகல் வெளிச்சமும் டியூப்லைட்டும் கலந்தால் அரக்குத் துணி ஒரு பக்கம் ஊதாவாகத் தெரியும். ஒருத்தி அந்தக் கலரை நம்பி நூல் வாங்கிவிட்டு என்னைத் திட்டினாள்.

படத்தைவிடச் சத்தம் முக்கியம். படம் மங்கலாக இருந்தாலும் பார்ப்பார்கள், குரல் கரகரத்தால் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார்கள். நம் ஊரில் இது பெரிய சோதனை. ராஜபாளையம் – தென்காசி மெயின் ரோட்டில் பஸ்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே மாட்டான். அதுகூடச் சமாளிக்கலாம். ஆனி, ஆடியில் மலையிலிருந்து இறங்குகிற காற்று இருக்கிறதே, சாரல் நேரத்தில் கதவையே அறையும், போன் மைக்கை விடுமா? நான் ஒரு ஆடி மாதம் முழுக்க எடுத்த வீடியோக்களில் என் குரலுக்குப் பின்னால் யாரோ தகரத்தை இழுத்துக்கொண்டு போகிற மாதிரியே இருந்தது. இப்போது படத்தைப் பகலில் எடுக்கிறேன். குரலை ராத்திரி பத்து மணிக்கு மேல், பீரோவைத் திறந்து தொங்குகிற சேலைகளுக்கு முன்னால் உட்கார்ந்து பதிகிறேன். சேலைத் துணி எதிரொலியைக் குடித்துவிடும். 600 ரூபாய்க்குச் சட்டையில் குத்துகிற காலர் மைக் ஒன்று பிறகு வாங்கினேன். நீ வாங்குவதாக இருந்தால் முதல் செலவு அதுவாக இருக்கட்டும். ரிங் லைட் எல்லாம் முகம் காட்டுகிறவர்களுக்கு.

வீட்டிலேயே இருக்கிற கைவேலை

“எனக்கு உன்னை மாதிரி தையல் தெரியாதே” என்பாய். சரி, பெரிய ஆட்களைப் பார்ப்போம். வில்லேஜ் குக்கிங் சேனலைத் தெரியாதவர் உண்டா? புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்துக்காரர்கள். ஒரு தாத்தாவும் பேரன்மாரும் சேர்ந்து 2018-ல் ஆரம்பித்தார்கள். 2021 ஜூலையில் ஒரு கோடி சப்ஸ்கிரைபரைத் தொட்டார்கள், தமிழில் அதுவரை எந்த யூடியூப் சேனலும் தொடாத எண்ணிக்கை. எல்லோரும் இந்த ஒரு கோடியைத்தான் பேசுகிறார்கள். நான் வேறு ரெண்டு விஷயத்தைப் பார்க்கிறேன். ஒன்று, பெரியதம்பி தாத்தா அதற்கு முன்னாலேயே விசேஷ வீடுகளுக்குச் சமைத்துப் போட்ட கை. கேமரா வந்த பிறகு சமையல் கற்றுக்கொள்ளவில்லை. ரெண்டாவது, விவசாயக் குடும்பம். வயலில் வேலை இல்லாத மாதங்கள் கையில் இருந்தன. இருந்த கைவேலையும் இருந்த நேரமும்தான் அவர்கள் போட்ட முதல். டாடி ஆறுமுகம் என்று எல்லோரும் கூப்பிடுகிற வில்லேஜ் ஃபுட் ஃபேக்டரி பெரியவர் கதையும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான். அப்பா சமைத்தார், மகன் கேமராவைப் பிடித்தார்.

ஒரு வேலை செய். அவர்களுடைய புது வீடியோவைப் பார்க்காதே. சேனலுக்குள் போய், பழையதிலிருந்து வரிசைப்படுத்தி, முதல் பத்தைப் பார். பத்தாவதில் எது மாறியிருக்கிறது என்று ஒரு தாளில் எழுது. கற்றுக்கொடுக்கிறவன் சொல்வதைவிட, கற்றுக்கொண்டவன் எங்கெங்கே தடுமாறினான் என்று பார்ப்பதில் எனக்கு அதிகம் கிடைத்திருக்கிறது.

இப்போது நம் வீட்டுக்கு வா. அம்மா எலுமிச்சங்காய் ஊறுகாய் போடுகிறாள். புளியங்குடி அடுத்த ஊர், தமிழ்நாட்டுக்கே எலுமிச்சை அனுப்புகிற சந்தை. எல்லோருக்கும் கிடைக்காத வசதி இது, அதை விட்டுவிட்டு நீ குற்றாலம், தலையணை என்று அருவி வீடியோ எடுக்கப்போகிறேன் என்கிறாய். அருவியை ஆயிரம் பேர் எடுத்துவிட்டார்கள். நீ அம்மாவோடு சந்தைக்குப் போ. குவியலில் கை விட்டதும் அவள் சில பழத்தை ஒதுக்குகிறாள், சிலதைப் பொறுக்குகிறாள். எதை வைத்து? தோல் மொத்தமா மெலிசா என்று எப்படித் தெரிகிறது? கோடையில் ஏன் விலை எகிறுகிறது, மழைக்காலத்தில் ஏன் கீழே விழுகிறது? கேட்டால் அம்மா “அது தெரியும்ட்டி” என்பாள். அந்தத் ‘தெரியும்’ என்பதை மூன்று நிமிஷத்தில் காட்டிவிடு, உன் சேனலின் முதல் வீடியோ அதுதான். சென்னையில் இருக்கிற எவ்வளவு பெரிய யூடியூபராலும் அம்மாவுடைய கையை வாடகைக்கு எடுக்க முடியாது.

முதல் ஆளாக நம் பெரியம்மாவை வைத்துக்கொள். கோயம்புத்தூரில் இருந்துகொண்டு வருஷா வருஷம் ஊறுகாய் பூசணம் பிடித்துப் போச்சு என்று அழுகிறாளே, அவளுக்காக எடு. அவள் போட்ட ஊறுகாய் ரெண்டு மாதம் கெடாமல் இருந்தால் வீடியோ தேறியது.

காசு வாங்கிக்கொண்டு ஒரு வேலை

நாலைந்து வீடியோ எடுத்துக் கை பழகியதும், அடுத்தவனுக்குக் காசு வாங்கிச் செய். தெருவில் ஒரு ஜவுளிக் கடையோ, பாத்திரக் கடையோ, நர்சரியோ. 30 விநாடி ரீல்ஸ் ஒன்று, 500 ரூபாய். குறைச்சல்தான். ஆனால் இலவசமாகச் செய்யாதே. இலவசமாகச் செய்தால் அவர் குறை சொல்ல மாட்டார், நீயும் திருத்த மாட்டாய்.

எனக்கு முதலில் கிடைத்தவர் ஒரு துணிக்கடைக்காரர். ஏழு தடவை மாற்றச் சொன்னார். போர்டு பெரிதாகத் தெரியவில்லை, விலை தெரியவில்லை, கல்லாவில் அவர் உட்கார்ந்திருப்பது தெரியவில்லை. ஏழாவது தடவை எனக்கு அழுகையே வந்தது. பணம் கொடுக்கவும் தீபாவளி கழிந்தது. ஆனால் அந்த ஒரு வேலையில்தான் எடுக்கும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளப் பழகினேன். என்னென்ன தெரியணும், எத்தனை திருத்தம், எந்தத் தேதி, அட்வான்ஸ் எவ்வளவு. வாட்ஸ்அப்பில் நாலு வரி போதும். ரெண்டு திருத்தத்துக்கு மேல் போனால் தனிக் காசு. இன்றுவரை அந்த நாலு வரியைத்தான் எல்லோருக்கும் அனுப்புகிறேன்.

அவருடைய கடை வீடியோவுக்கு ஒரு சினிமாப் பாட்டைப் போட்டேன், அவர் கேட்டார் என்று. யூடியூபில் ஏற்றினதும் உரிமைக்காரரின் பெயரில் க்ளெய்ம் வந்து நின்றது. க்ளெய்ம் வந்தால் பெரும்பாலும் அந்த வீடியோவின் விளம்பரக் காசு பாட்டுக்காரருக்குப் போகும், அவ்வளவுதான். ஸ்ட்ரைக் என்பது வேறு. 90 நாளுக்குள் மூன்று காப்புரிமை ஸ்ட்ரைக் வாங்கினால் சேனலே போய்விடும். யூடியூப் ஸ்டுடியோவுக்குள்ளேயே ஆடியோ லைப்ரரி இருக்கிறது, அதிலிருந்து எடு. இல்லாவிட்டால் பாட்டே வேண்டாம். ஊறுகாய் வீடியோவுக்கு கடுகு வெடிக்கிற சத்தத்தைவிட என்ன பாட்டு வேண்டும்?

வரைபடத்தில் ஒரு மலை

யூடியூப் ஸ்டுடியோவில் ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒரு கோடு போட்டுக் காட்டுவான். எந்த விநாடியில் எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று. என் ஆரம்ப வீடியோ எல்லாவற்றிலும் முதல் அரை நிமிஷத்திலேயே கோடு கிணற்றுக்குள் விழுகிற மாதிரி விழுந்தது. போய்ப் பார்த்தால், அந்த அரை நிமிஷத்தில் நான் “வணக்கம் தோழிகளே, எல்லாரும் எப்படி இருக்கீங்க, நம்ம சேனலுக்குப் புதுசா வந்திருந்தா...” என்று நீட்டிக்கொண்டிருக்கிறேன். வெட்டித் தூக்கினேன். இப்போது முதல் விநாடியிலேயே கத்தரி துணியில் இருக்கும்.

அதைவிட ஒரு வேடிக்கை. ஒரு கட்டிங் வீடியோவில், நாலாவது நிமிஷத்தில் கோடு திடீரென்று மலை மாதிரி ஏறி இறங்கியது. அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். அது ஆர்ம்ஹோல் வளைவு. நான் அதை எட்டு விநாடியில் வெட்டித் தள்ளியிருந்தேன், எனக்கு அது கண்ணை மூடிக்கொண்டு வரும் என்பதால். பார்க்கிறவளுக்கு அங்கேதான் கத்தரி நடுங்குகிறது. வளைவை மட்டும் தனியாக, சாக்பீஸில் அரை அங்குலம் அரை அங்குலமாகக் குறித்து ஒரு வீடியோ போட்டேன். என் சேனலில் இன்றுவரை அதிகம் ஓடுவது அதுதான். அடுத்து என்ன எடுக்கலாம் என்று தலையைப் பிய்த்துக்கொள்ளாதே. கோட்டில் மலை எங்கே இருக்கிறது என்று பார்.

சப்ஸ்கிரைபர் எண்ணிக்கையைத் தினமும் பார்க்கிற வியாதி வரும். எனக்கு வந்தது. பால் பொங்கி அடுப்பில் வழிய வழியப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்ப்பது என்று வைத்துக்கொள்.

காசு எப்போது வரும்?

நீ கேட்காவிட்டாலும் அப்பா கேட்பார். அதனால் கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

விளம்பரக் காசு வர வேண்டுமானால் 1,000 சப்ஸ்கிரைபர் வேண்டும், கடைசி 12 மாதத்தில் 4,000 மணி நேரம் ஜனங்கள் பார்த்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் 90 நாளில் ஷார்ட்ஸுக்கு ஒரு கோடி வியூஸ். 500 சப்ஸ்கிரைபரிலேயே ஒரு சின்னக் கதவு திறப்பான். மெம்பர்ஷிப் மாதிரி, பார்க்கிறவர்களே விரும்பிக் கொடுக்கிற பணத்துக்கான வழி அது. விளம்பரக் காசு அதில் கிடையாது. 4,000 மணி என்றால் 2,40,000 நிமிஷம். ஒருத்தி சராசரியாக அஞ்சு நிமிஷம் பார்த்தால் 48,000 தடவை பார்த்திருக்க வேண்டும். ஷார்ட்ஸ் ஃபீடில் ஓடுகிற நேரம் இந்த 4,000-த்தில் சேராது, அதனால் 30 விநாடி வீடியோ போட்டே கணக்கை முடித்துவிடலாம் என்று நினைக்காதே. எனக்கு ஒன்றரை வருஷம் ஆனது.

அதற்குப் பிறகும், பெரிய வீடியோக்களில் வருகிற விளம்பரப் பணத்தில் 55 சதவீதம் நமக்கு, மீதி யூடியூபுக்கு. ஷார்ட்ஸில் 45. விளம்பரப் பணம் வந்து விழுகிற ஆட்சென்ஸ் கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் கூகுளிலிருந்து வீட்டுக்குத் தபாலில் ஒரு பின் நம்பர் வரும். இமெயிலில் இல்லை, நிஜமான தபாலில். நான் விலாசத்தில் தெருப்பெயரை ஒரு மாதிரியும், வங்கிக் கணக்கில் பெயரை இன்னொரு மாதிரியும் கொடுத்து வைத்திருந்தேன். முதல் கடிதம் எங்கே போனதோ தெரியாது. ரெண்டாவதை, நம் தபால்காரர் என் பெயரைப் பார்த்துவிட்டு நேரே தையல் கடைக்கே கொண்டுவந்து தந்தார். பான் கார்டு, வங்கிப் புத்தகம், ஆட்சென்ஸ் மூன்றிலும் இனிஷியல் முதற்கொண்டு ஒரே மாதிரி இருக்கட்டும். 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் அனுப்புவான். அமெரிக்க வரிப் படிவம் ஒன்றையும் நிரப்பச் சொல்வான், தள்ளிப்போடாதே. நிரப்பாவிட்டால் மொத்த வருமானத்திலேயே பிடித்துவிடுவான்.

ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு விளம்பரக் காசில் கரண்ட் பில்லும் போன் ரீசார்ஜும் கழிகிறது. சோறு போடுவது பேப்பர் பேட்டர்ன். 32-லிருந்து 42 வரை அளவுக்குத் தகுந்த மாதிரி வெட்டின பிரவுன் பேப்பரை மடித்து, கவரில் போட்டுத் தபாலில் அனுப்புகிறேன். வளைவு வீடியோவைப் பார்த்த ஒரு பெண் “அக்கா, இதை அப்படியே வெட்டித் தர முடியுமா?” என்று கேட்டாள், அதிலிருந்து வந்தது. கோர்ஸில் இதை ‘புராடக்ட்’ என்றார்கள். எனக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை.

உனக்கு அது ஊறுகாயாக இருக்கலாம். சாப்பாட்டுச் சாமான் என்பதால், வெளியே விற்பதற்கு முன்னால் உணவுப் பாதுகாப்புத் துறையின் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு வாங்க வேண்டும். வீட்டில் சின்ன அளவில் செய்கிறவர்களுக்கு அடிப்படைப் பதிவு போதும், ஆன்லைனிலேயே போடலாம், ஆண்டுக் கட்டணம் 100 ரூபாய். ஏஜென்ட் யாராவது ரெண்டாயிரம் கேட்டால் சிரித்துவிட்டு வந்துவிடு. அப்புறம், முதல் பார்சலை நமக்கே அனுப்பு. கோயம்புத்தூர் பெரியம்மாவுக்கு அனுப்பி, அவள் அதைப் பிரிக்காமலே திரும்ப நம் விலாசத்துக்கு அனுப்பட்டும். ரெண்டு தடவை பஸ்ஸிலும் லாரியிலும் உருண்டு வந்த பாட்டிலில் எண்ணெய் கசியவில்லை என்றால்தான் மூன்றாவது மனுஷரிடம் காசு வாங்கு.

யாராவது மசாலா கம்பெனிக்காரன் சும்மா பாக்கெட் அனுப்பி “நல்லா இருக்குன்னு சொல்லுங்க” என்பான். பணம் வாங்கினாலும் சரி, இலவசமாகப் பொருள் வாங்கினாலும் சரி, வீடியோவிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும் என்று மத்திய நுகர்வோர் துறையின் விதி இருக்கிறது. விதி இருக்கட்டும், அம்மா அந்த மசாலாவைத் தொடுவாளா என்று கேள் முதலில்.

வீட்டில் சொல்ல வேண்டியது

அப்பாவுக்கு நீ முகம் காட்டுவது பிடிக்காது. இதற்காகச் சண்டை போட்டு ஒரு வருஷத்தை வீணாக்காதே. என் சேனலில் மூன்று வருஷம் என் கை மட்டும்தான் வந்தது, வளையலைப் பார்த்தே ஊரில் கண்டுபிடித்தார்கள். கை போதும். வீட்டு வாசல், தெருப் பெயர்ப் பலகை, அப்பாவின் வண்டி நம்பர், இதெல்லாம் படத்தில் விழாமல் பார்த்துக்கொள். ஆர்டருக்கு வேறு சிம் வாங்கு, உன் சொந்த நம்பரைக் கொடுக்காதே. அசிங்கமாகக் கமென்ட் போடுகிறவன் வருவான், வராமல் இருக்கமாட்டான். ஸ்டுடியோ செட்டிங்ஸில் தடுக்க வேண்டிய வார்த்தைகளைப் பட்டியலாகப் போட்டு வைக்கலாம். அந்த வார்த்தைகளைத் தட்டச்சு செய்ய உனக்குக் கூச்சமாக இருந்தால் அத்தானிடம் கொடு, அவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து மிக உற்சாகமாக எனக்குச் செய்து தந்தார்.

பயிற்சியே கூடாது என்று நான் சொல்லவில்லை. தமிழ்நாடு தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் சென்னையில் யூடியூப் சேனலுக்கென்று மூன்று நாள் பயிற்சி அவ்வப்போது நடத்துகிறது. போ. ஆனால் பத்து வீடியோ எடுத்த பிறகு போ. அப்போது உனக்குக் கேட்க ஒன்பது கேள்வி இருக்கும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர்கள் நோட்டில் தலைப்பு எழுதிக்கொண்டிருப்பார்கள்.

நோட்டு என்றதும் ஞாபகம் வருகிறது. ஒவ்வொரு வீடியோவும் முடிந்த அன்றைக்கு மூன்று வரி எழுது. யாருக்கு எடுத்தேன், என்ன குறை சொன்னார்கள், அடுத்ததில் எதை மாற்றுவேன். என் பழைய ரெண்டு கோர்ஸ் நோட்டையும் தூக்கிப் போடவில்லை. பின்பக்கத்தில் இதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமை அம்மா புளியங்குடிக்குப் பழம் வாங்கப் போகிறாள். நீயும் போ. போனைத் துடைத்து, சார்ஜ் போட்டு, மெமரியில் இருக்கிற கல்யாண வீடியோவையெல்லாம் அழித்து வை. பழத்தைப் பொறுக்கும்போது அம்மாவின் கைக்கு மேலே பிடி, முகத்துக்கு நேரே பிடித்தால் அவள் சேலையைச் சரிசெய்யப் போய்விடுவாள். சாயங்காலம் அஞ்சு மணிக்குள் பெரியம்மாவுக்கு அனுப்பிவிடு. நேற்றே அவளிடம் சொல்லிவிட்டேன், காத்துக்கொண்டிருக்கிறாள்.